பாவாயி பேரில் ஒரு லீவு

ஃபைபரைக் கருங்கல்லாக்குவதில் வேலுச்சாமியை மிஞ்ச அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஆள் கிடையாது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் பதினேழு வருஷம் பெயிண்ட் அடித்த கை அது. அங்கே பஸ்ஸின் விலாவில் மயிலும் அருவியும் வரைந்துகொண்டிருந்தது. இங்கே வந்த பதினோரு வருஷத்தில் கல் செய்யக் கற்றுக்கொண்டது. முதலில் பட்டி பூசி உப்புத்தாளால் தேய்ப்பார். கறுப்பு அடிப்பார். அது முழுசாகக் காய்வதற்குள் ஸ்ப்ரே கன்னில் காற்றைப் பாதிக்குக் குறைத்து, சாம்பல் நிறத்தையும் இளஞ்சிவப்பையும் தூறல் மாதிரி விட்டு விட்டுத் தெளிப்பார். கடைசியில் பழைய பல் பிரஷ் ஒன்றை வெள்ளையில் தோய்த்துக் கட்டைவிரலால் சுண்டுவார். அவ்வளவுதான். இரண்டு பேர் தூக்கிவிடக்கூடிய ஃபைபர் கூடு, கிரேன் வேண்டுமோ என்று மலைக்க வைக்கும் கல்லாகிவிடும்.

கண்காட்சிகளுக்கும் மால்களுக்கும் செட் போடுகிற கம்பெனியில் அவருக்கு வேலை. ஒரு வருஷம் டைனோசர், ஒரு வருஷம் விண்வெளி. இந்த வருஷம் பழைய எகிப்தின் அரசர்கள். துபாயில் ஒரு பெரிய அரங்கில் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அதனால் ஒர்க் ஷாப் முழுக்க ராஜாக்கள். இரண்டாம் ராம்செஸ் நாலு துண்டாகக் கிடந்தார். டீ நேரத்தில் ஆட்கள் அவருடைய முழங்காலில் உட்கார்ந்துதான் டீ குடித்தார்கள்.

"அறுபத்தாறு வருஷம் ஆண்டாராம்ணே இவரு," என்றான் ஷ்யாம். வேலுச்சாமியின் ரூமில் மேல்கட்டில் அவனுக்கு. வேலையில் அவருக்கு உப்புத்தாள் தேய்த்துக் கொடுப்பவன். "அறுபத்தாறு வருஷம் ஒரே வேலை. லீவே போட்டிருக்க மாட்டாரு போல."

"அவரு போடாட்டி என்ன? அவருகிட்ட வேல செஞ்சவன் போட்டானா, அதக் கேளு," என்றார் வேலுச்சாமி.

ராஜாக்களில் ஒருத்தர் மட்டும் அவருக்கு விளங்கவில்லை. முகத்தில் பெண்ணின் சாயல். மோவாயில் தாடி. பெயிண்டை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று புரியாமல் அப்துல் ஹாதியிடம் கேட்டார். ஹாதி எகிப்துக்காரர். லக்ஸர் நகரத்துக்கு எதிர்க்கரையில், அந்த ராஜாக்களின் கல்லறைகள் இருக்கும் மலையடிவாரத்தில் பிறந்தவர். சிலைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கக் கம்பெனி அவரை வைத்திருந்தது. இந்தியும் இங்கிலீஷும் அரபியும் கலந்து அவர் பேசுவது, கேட்கக் கேட்கப் புரியும்.

"சாமி, இவங்க பொம்பளை. ஆனா ராணி இல்ல, ராஜா. ஹட்செப்சுட். இருபது வருஷத்துக்கு மேல ஆண்டாங்க. தாடி சும்மா, ராஜாவுக்கு அது யூனிஃபார்ம் மாதிரி."

"நல்லா ஆண்டாங்களா?"

"ரொம்ப நல்லா. செத்துக் கொஞ்ச காலம் கழிச்சு இவங்க பேரையெல்லாம் உளி வெச்சுக் கொத்தி எடுத்துட்டாங்க. சில இடத்துல அந்தப் பள்ளத்துல இவங்க அப்பா பேரை வெட்டினாங்க. சில இடத்துல புருஷன் பேரை." ஹாதி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எங்க முன்னோருக்குப் பேர்தான் உயிர். உடம்பை எவ்வளவு துணியில சுத்தி வெச்சாலும், பேர் போயிட்டா ஆளே போயாச்சு."

"அப்பறம் உங்களுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"கொத்தினவங்க எல்லா இடத்தையும் பார்க்கல. உலகத்துல சோம்பேறிங்க இருக்கறது நல்லதுதான், சாமி."

வேலுச்சாமி சிரித்துவிட்டு கன்னை எடுத்தார். தாடியைக் கொஞ்சம் வெளுப்பாகவும் முகத்தைக் கொஞ்சம் ஆழமாகவும் அடித்தார். அடிக்கும்போது, ஊரில் தன் வீட்டுக் கரண்டு அட்டை நினைவுக்கு வந்தது. அதில் இன்னும் சென்னியப்பன் என்றுதான் இருக்கிறது. சென்னியப்பன் அவருடைய அப்பா. மஞ்சள் காமாலையில் செத்து நாற்பத்திரண்டு வருஷம். வீட்டு வரி ரசீதும் அவர் பேரில்தான். அத்தனை வருஷமும் கட்டியது பாவாயி.

பாவாயி காவிரிக்கரையில் கோரை அறுத்தவள். இடுப்பளவு கோரைக்குள் குனிந்தால் பொழுது சாயும்போதுதான் நிமிர்வாள். உள்ளங்கை பூராவும் கீறல். ஒரே மகனை அந்தக் கையால் ஆளாக்கினாள். ஓலை வீட்டை ஓட்டு வீடாக்கினாள். மகனைப் பத்தாவது வரைக்கும் தள்ளிப் பார்த்தாள், முடியவில்லை. பேத்தி சந்தியாவை விடவில்லை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை முதன்முதலாக மிதித்தது சந்தியாதான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாசில்தார் ஆபீஸில் இரண்டு நாள் கால் கடுக்க நின்றது வேலுச்சாமியின் மனைவி கனகா அல்ல. பாவாயி நின்றாள். "எம் பேத்திக்கு எழுதறத நாம் பாக்கோணும்" என்றாளாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சந்தியா பட்டம் வாங்கும் நாள் வந்தது. பி.எஸ்சி. கணிதம். வேலுச்சாமி லீவு கேட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு, இன்னும் ஏழு மாசம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதைப் போனில் பாவாயியிடம் சொன்னார்.

"ஏண்டா, ஆளு செத்தா உடுவாங்களா?"

"உடுவாங்கம்மா. அப்பா, அம்மா, பொண்டாட்டி, புள்ளைன்னா பத்து நாளு எமர்ஜென்சி லீவு."

"அப்ப நாஞ் செத்துட்டன்னு சொல்லிப்போட்டு வா."

"என்னம்மா பேச்சு இது!"

"அட, சொன்னாச் செத்தா போயிருவன்? அந்தப் புள்ள அங்கி போட்டுட்டு மேடையேறறப்ப அப்பங்காரன் இல்லாம, நாங்க ரெண்டு பொம்பளைங்க போயி கையத் தட்டறதா? வாடா."

தொழிலாளர் கேம்பில் இது ஒன்றும் புதுசில்லை. ஒருத்தர் சொந்த அப்பாவை இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை கொன்றிருந்தார். ஆபீஸும் உஷாராகி, போட்டோ வேண்டும் என்று ஆரம்பித்திருந்தது. அதையும் பாவாயியே பார்த்துக்கொண்டாள். கயிற்றுக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தாள். கழுத்தில் செவ்வந்தி மாலை. பழைய வேட்டியைக் கிழித்து மோவாயைச் சேர்த்துத் தலையில் முடிச்சுப் போடச் சொன்னாள். "மூக்குல பஞ்சு வையி புள்ள, இல்லாட்டி எவன் நம்புவான்?" சந்தியா போனில் படம் எடுத்தாள். முதல் தடவை பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை சந்தியாவுக்கு. மூன்றாவதுதான் ஆபீஸுக்குப் போனது.

வேலுச்சாமி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தபோது பாவாயி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வாடா, எழவுக்கு வந்தியா?"

தெருவே சிரித்தது. அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். பட்டமளிப்பு விழாவில், எந்தப் பெண் மேடை ஏறினாலும் கைதட்டினாள். கேட்டால், "எல்லாம் எவளோ பெத்ததுதான?" என்றாள்.

அந்தப் பத்து நாளில் வேலுச்சாமிக்குத் துளி பயம்கூட இல்லை.

அரசர்கள் கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது ஹாதி ஒரு புது வேலை கொண்டுவந்தார். சோற்றுத் தட்டின் அளவுக்கு ஒரு சுண்ணாம்புக் கல் சில்லின் மாதிரி. அசலின் பெரிய போட்டோ ஒன்று. மாதிரிச் சில்லின் மேல் அந்த எழுத்துகளை அப்படியே மெல்லிய பிரஷ்ஷால் எழுதவேண்டும். கறுப்பு மையில் வரிசை, அதன் தலைக்கு மேலே சிவப்பில் குட்டிக் குட்டியாக எழுத்து.

"இது மந்திரமாங்க?"

"இல்ல சாமி. டைம் ஷீட்."

ஷ்யாம் உப்புத்தாளைப் போட்டுவிட்டு எழுந்து வந்தான்.

ஹாதி விளக்கினார். ராஜாக்களுக்குக் கல்லறை வெட்டிய வேலைக்காரர்கள் அவருடைய ஊர் மலையடிவாரத்தில்தான் குடியிருந்தார்கள். ராம்செஸ் ஆட்சியின் நாற்பதாவது வருஷத்தில் யார் யார் எந்த நாளில் வேலைக்கு வரவில்லை என்று ஒரு எழுத்தன் எழுதி வைத்திருக்கிறான். கறுப்பில் நாள். சிவப்பில் காரணம். மூவாயிரத்து இருநூறு வருஷத்துக்கும் மேலாயிற்று. அசல் லண்டனில் இருக்கிறது.

"இந்தாள் வரல. ஏன்? தேள் கொட்டிடுச்சு. இவனுக்குக் கண் வலி. இவன் வீட்டுல பீர் காய்ச்சினான்."

"யா அல்லாஹ்! பீர் காய்ச்ச லீவா!" ஷ்யாம் துள்ளினான். "வேலண்ணே, நாம தப்பான ராஜாகிட்ட மாட்டிக்கிட்டோம்ணே."

"இது?" வேலுச்சாமி ஒரு சிவப்புக் குறியைத் தொடாமல் காட்டினார். எழுதிக்கொண்டே வந்ததில் அதன் முறை அப்போதுதான் வந்திருந்தது.

"அம்மாவைச் சுத்திக்கிட்டு இருந்தான்."

"சுத்திக்கிட்டா?"

"அம்மா செத்துட்டாங்க. துணியில சுத்தி அடக்கம் பண்ணணும் இல்லையா? அதுக்கு லீவு."

"அதுல எத்தன பேரு நெசமோ," என்று ஷ்யாம் கண்ணடித்தான். வேலுச்சாமி அவன் முதுகில் ஒன்று வைத்தார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் குறியை மட்டும் இரண்டு தடவை அழித்து எழுதினார். கோடு மனசுக்குப் பிடித்த மாதிரி விழவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கனகா கூப்பிட்டாள். வேலை நேரத்தில் கூப்பிட மாட்டாள். வேலுச்சாமி முகக் கவசத்தைக் கழற்றுவதற்குள் மணி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

"ஏனுங்க... அத்தை போயிட்டாங்க."

காலையில் காபி குடித்தாளாம். நெஞ்சு கரிக்கிறது என்றாளாம். கொஞ்சம் சாய்கிறேன் என்று சுவரோரம் சாய்ந்தவள்தான்.

"வெளையாடாதீங்க ரெண்டு பேரும்," என்றார் வேலுச்சாமி. அவருடைய வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். மறுமுனையில் கனகாவின் அழுகை வெடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ராம்செஸ்ஸின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று இரவு ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு விமானம் இருந்தது. விடிவதற்குள் இறங்கிவிடலாம். அங்கிருந்து கார் பிடித்தால் மூன்று மணி நேரம். ஐஸ் பெட்டி வைத்திருக்கிறோம், நீ வந்துதான் எடுப்போம் என்று பங்காளிகள் சொன்னார்கள். வேண்டியது இரண்டே இரண்டு: லீவு, ஆபீஸ் அலமாரியில் இருக்கும் பாஸ்போர்ட்.

டைம்கீப்பர் விஜயபாஸ்கர் விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டான். அரியலூர்ப் பக்கத்துப் பையன், பி.காம்., எட்டு மாசத்துக்கு முன்னால்தான் வேலைக்கு வந்தவன். அவன் வீட்டிலும் அவன்தான் முதல் பட்டதாரி. சந்தியாவின் வயசு என்பதால் வேலுச்சாமிக்கு அவன் மேல் தனிப் பிரியம்.

"உக்காருங்கண்ணே. அஞ்சு நிமிசம். ஃபார்ம் நான் போட்டுர்றேன். அம்மாவுக்கெல்லாம் யாரும் தடுக்க முடியாது, ரூல் இருக்கு." கம்ப்யூட்டரில் பேரைத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தவன் நின்றான். திரும்பிப் பார்க்காமல், தணிந்த குரலில் கேட்டான்.

"அண்ணே... உங்களுக்கு ரெண்டு அம்மாவா?"

வேலுச்சாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திரையில் அவள் படுத்திருந்தாள். செவ்வந்தி மாலை, மோவாய்க் கட்டு, மூக்கில் பஞ்சு. கீழே தேதி, இரண்டு வருஷத்துக்கு முந்தையது. வேலுச்சாமி தன் போனை நீட்டினார். கால்மணி நேரத்துக்கு முன்னால் சந்தியா அனுப்பிய படம். அதே முகம், அதே கட்டு, அதே பஞ்சு. பையன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மாறி மாறிப் பார்த்தான்.

வேலுச்சாமியும் பார்த்தார். திரையில் இருந்தவள்தான் செத்தவள் மாதிரி இருந்தாள். கண்ணை இறுக்கி, மூச்சை அடக்கி, அவ்வளவு சிரத்தையாகச் செத்திருந்தாள். போனில் இருந்தவள் சும்மா கண் அயர்ந்த மாதிரி இருந்தாள். யாரும் நம்ப மாட்டார்கள்.

"அந்தப் பழசு பொய்யிங் தம்பி," என்றார். "இதுதான் நெசம்."

விஜயபாஸ்கர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் இறக்கினான். "அண்ணே, இத இங்க சொன்னதோட விட்டுருங்க. மேனேஜர்கிட்டச் சொன்னா ஃப்ராடும்பாரு. விசா கேன்சல். ஏற்கெனவே ரெண்டு பேர அனுப்பியிருக்காங்க."

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஷ்யாம்தான் வழி கண்டுபிடித்தான். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"வேலண்ணே, அப்பா பேர்ல போங்க."

"என்னது?"

"கம்பெனி ஃபைல்ல உங்கப்பா உசுரோடதான இருக்காரு? அவரு செத்துட்டாருன்னு எழுதுங்க. மூஞ்சி தெரியாம, பெட்டிய மட்டும் தூரத்துலேர்ந்து எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இன்னிக்கி நைட்டு ஃப்ளைட். கலாஸ், முடிஞ்சுது. ஆத்தா மூஞ்சியப் பாத்துரலாம்."

கூட உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது. யாருக்கும் நஷ்டமில்லை. விஜயபாஸ்கர்கூட அதைக் கேட்டுவிட்டு, "நடக்கும்ணே, பத்து நிமிசத்துல முடிச்சிருவேன்" என்றான்.

வேலுச்சாமி தட்டைத் தள்ளி வைத்தார்.

"சொரண்டிட்டு அவ புருசன் பேரப் போடச் சொல்றீங்களாடா?"

ஷ்யாமுக்கு விளங்கவில்லை. "பேருல என்னண்ணே இருக்கு? பாக்கப் போறது அம்மாவத்தான?"

"அவ கட்டுன வரி அவம் பேர்ல. அவ கட்டுன கரண்டு அவம் பேர்ல. கடைசியா ஒருநா, செத்ததாவது அவ செத்ததா இருக்கட்டும்டா. ஒருக்கா பொய்யாச் சாக வெச்சேன், பொறுத்துக்கிட்டா. நெசமாச் செத்தன்னிக்கு அவ சாகலீன்னு நானே எழுதிக் குடுக்கவா?"

"அண்ணே, கோவப்படாதீங்க. நேரம் போவுது."

"போகட்டும். நாம் போனா எங்கம்மா பேர்லதான் போவேன்."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் மேனேஜர் ரூமுக்குப் போனார். உள்ளே நின்று, தெரிந்த இந்தியில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னது பொய், என் அம்மா இன்றைக்குத்தான் இறந்தாள் என்று முழுசாகச் சொன்னார். மேனேஜர் காதில் ஒரு போனும் கையில் ஒரு போனுமாக இருந்தார். அரங்கில் லைட் இன்னும் தொங்கவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வேலுச்சாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு எத்தனை தடவை அம்மா சாவாங்க? சர்டிபிகேட் கொண்டு வா. ஒரிஜினல் டெத் சர்டிபிகேட். பழைய விஷயத்தை ஓப்பனிங் முடிஞ்சு பேசிக்கலாம். இப்போ போ, ஜல்தி, ராணி சிலை இன்னிக்கு அனுப்பணும்."

சர்டிபிகேட் கைக்கு வர எவ்வளவு சீக்கிரம் என்றாலும் மூன்று நாள் ஆகும் என்று ஊரிலிருந்து சொன்னார்கள். வேலுச்சாமி சிலையிடம் திரும்பி வந்தார். தாடி வைத்த அந்தப் பெண் ராஜாவுக்குக் கடைசிப் பூச்சு பாக்கி இருந்தது. அடித்தார். பூச்சு ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அதுதான் அவருக்கே பயமாக இருந்தது. அன்றைய விமானம் அவர் இல்லாமல் போயிற்று.

வியாழக்கிழமை காலை விஜயபாஸ்கர் தன் சீட்டில் உட்காரவே இல்லை. மேனேஜரைத் துபாய் அரங்கில் போய்ப் பிடித்தான், துரத்திவிட்டார். திரும்பி வந்து ஹாதியைப் பிடித்தான். ஹாதி முழுசாகக் கேட்டார். கயிற்றுக் கட்டில், பஞ்சு, பழைய போட்டோ, புதுப் போட்டோ, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேலுச்சாமியிடம் வந்தார்.

"சாமி, உன் நண்பர்கள் சொன்ன மாதிரி அப்பா பேரை ஏன் எழுதல?"

வேலுச்சாமி சிலை இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். ஹாதிக்கு அது போதுமானதாக இருந்தது.

"எங்க ராம்செஸ் செத்து மூவாயிரம் வருஷம் கழிச்சு, அவர் உடம்பைப் பாரிஸுக்கு ஏரோப்ளேன்ல கொண்டுபோய் வைத்தியம் பார்த்தாங்க. பட்டாளம் நின்னு மரியாதை பண்ணுச்சு. அவருக்குப் பாஸ்போர்ட் போட்டாங்கன்னுகூட எங்க ஊர்ல கதை சொல்லுவாங்க. உயிரோட இருக்கற உனக்கு அலமாரியில இருந்து எடுத்துக் கொடுக்கறது கஷ்டமா இருக்கு." அவர் போனை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார். கம்பெனி முதலாளியிடம் நேராக அரபியில் பேசப் போவதாகச் சொன்னார். முதலாளி கூட்டத்தில் இருக்கிறார், மத்தியானத்துக்கு மேல்தான் கிடைப்பார் என்று பிறகு தெரிந்தது.

பன்னிரண்டரைக்குச் சந்தியா கூப்பிட்டாள்.

"அப்பா, ஐஸ் பெட்டி நின்னுபோச்சு. காலையில இருந்து கரண்டு இல்ல. ஜெனரேட்டர் வெச்சாங்க, அப்பவும் ஓடல. வேற பெட்டி கரூர்ல எங்கயும் இல்லீங்கறாங்க." மூச்சு வாங்கினாள். "இனிமே வெச்சிருக்க முடியாதுன்னு சொல்றாங்கப்பா. வாசம் வந்திரும்ங்கறாங்க. அப்பாயிக்கு அது வேண்டாம்ப்பா."

பின்னால் பறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேலுச்சாமி போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"எடுத்தறலாம் சாமி. எடுக்கச் சொல்லு," என்றார் மகளிடம்.

"கொள்ளி யாரு வெக்கறதுன்னு பேசறாங்க. பெரியப்பா பையன வெக்கச் சொல்றாங்க. நான் வெக்கட்டுமாப்பா?"

"நீதான் வெக்கோணும். யாராச்சும் எதாச்சும் சொன்னா, உங்கப்பன் சொன்னான்னு சொல்லு."

"அப்பா..." அவள் குரல் உடைந்தது. "அந்த போட்டோவ நான்தானேப்பா எடுத்தேன்."

"இல்ல சாமி."

"நான் எடுக்காம இருந்திருந்தா இன்னிக்கி நீங்க இங்க இருந்திருப்பீங்க."

"அன்னிக்கி இருந்திருக்க மாட்டேன். உங்கப்பாயி எல்லார்த்துக்கும் கையத் தட்டுனா பாரு, அதப் பாத்திருக்க மாட்டேன். அழுவாத. என்ன சேலை கட்டியிருக்காங்க?"

"பட்டம் வாங்கறப்பக் கட்டுன அரக்குதாம்ப்பா. வீடியோ போடட்டுமா?"

"வேண்டாம்," என்றார் வேலுச்சாமி. கொஞ்சம் யோசித்து மறுபடியும் "வேண்டாம் சாமி" என்றார். படத்தில் அவளைப் பார்த்தது போதும் என்று இருந்தது.

ஒன்றரை மணிக்குக் கனகாவிடமிருந்து ஒரு வரி வந்தது. முடிஞ்சுதுங்க.

ஷ்யாமிடம்கூட அவர் சொல்லவில்லை. கம்ப்ரஸருக்குப் பின்னால், யாரும் வராத இடத்தில் ஒரு பட்டி டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தார். மிஷின் சத்தத்தில் எவ்வளவு அழுதாலும் வெளியே கேட்காது. முகத்தில் கையை வைத்தபோது விரலெல்லாம் கல் நிறம்.

இரண்டரை மணிக்கு விஜயபாஸ்கர் ஓடி வந்தான். ஆபீஸிலிருந்து ஒர்க் ஷாப் வரைக்கும் நட்ட நடு வெயிலில் ஓடி வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பாஸ்போர்ட்.

"கெடச்சிருச்சுண்ணே! கெடச்சிருச்சு! ஹாதி சார் முதலாளிகிட்டப் பேசிட்டாரு. பத்து நாளு. பாருங்க, நானே டைப் பண்ணேன், காரணம் என்ன போட்டிருக்கேன் பாருங்க." தாளை விரித்து நீட்டினான். தாயார் பாவாயி காலமானதால் என்று இங்கிலீஷில் இருந்தது. பெயர் மட்டும் பெரிய எழுத்துகளில். "அந்தப் பழைய என்ட்ரிக்குப் பக்கத்துல தப்புன்னு போட வெச்சாச்சு. வேலைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு முதலாளி சொல்லிட்டாரு. டிக்கெட்டு நான் என் கார்டுல போட்டுட்டேன், பெறகு பாத்துக்கலாம். யல்லா, கெளம்புங்கண்ணே!"

அவன் முகத்தை வேலுச்சாமி பார்த்தார். ராத்திரி தூங்காத முகம். இரண்டு நாளும் தனக்கே நடந்தது போல அலைந்த பையன். பரீட்சையில் தேறியவன் மாதிரி நின்றான். இவனிடம் எப்படிச் சொல்வது? இவன் ஓடிய ஓட்டமெல்லாம் ஒரு மணி நேரத்தில் வீணாகிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

"ரொம்ப நல்லதுங் தம்பி," என்றார். "கையக் கழுவிட்டு வந்தர்றேன்."

தின்னரில் கையைக் கழுவினார். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. அப்படியே விட்டுவிட்டார். ஷ்யாம் பையைக் கட்டி வைத்திருந்தான். ஹாதி தூரத்தில் நின்று நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். வேலுச்சாமியும் குனிந்தார்.

கம்பெனி பிக்கப்பை விஜயபாஸ்கரே எடுத்தான். அஜ்மான் தாண்டி ஷார்ஜா ரோட்டில் ஏறும்போது வண்டிகள் நெருங்கி நின்றன. அவன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான்.

"வீட்டுல சொல்லிட்டீங்களாண்ணே, கெளம்பிட்டோம்னு?"

"சொல்லிட்டனுங்."

"விடியகாலம் எறங்கிருவீங்க. எட்டு மணிக்கு ஊரு. காலையில எத்தன மணிக்கு எடுக்கறதா இருக்காங்க?"

"நாம் போயித்தானுங் தம்பி எடுப்பாங்க."

"அதான பாத்தேன். பெத்த புள்ள இல்லாம எப்படி எடுப்பாங்க?" அவன் மூக்கை உறிஞ்சினான். "எங்கம்மாவ நெனச்சுக்கிட்டேண்ணே. நேத்து பூரா எனக்கு சோறு எறங்கல. இனிமே கவலையில்ல. மூஞ்சியப் பாத்துடலாம்ணே."

வேலுச்சாமி சன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"ஆமாங் தம்பி," என்றார். "பாத்துடலாம்."

முன்னால் இருந்த லாரி விலகியது. விஜயபாஸ்கர் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினான்.